வெறுங்கல்லில் நங்கூரம்

பனிநாட்டில் நாய்வண்டி ஓட்டக் கற்றுத்தரும் சுன்வாவுக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் ஹால்வர். குருவைவிட இருபது வயது மூத்தவர். கோபத்திலும் அவர்தான் மூத்தவர்.

மலைக்கு அப்பால் அவருடைய ஒரே மகள் இருந்தாள். போன குளிர்காலத்தில் அவளைப் பார்க்கப் போனவர், அவள் சொன்ன ஏதோ ஒரு சொல் பொறுக்காமல், ஊற்றி வைத்த காப்பி ஆறுவதற்குள் கிளம்பி வந்துவிட்டார். பிறகு வருஷம் முழுக்க மனம் புழுங்கினார். இப்போது மகளே ஆள் அனுப்பியிருந்தாள். அப்பாவை இன்னொரு தடவை வரச் சொல்லியிருந்தாள்.

குருவும் சீடரும் கிளம்பினார்கள். அந்த வருஷம் பனி சரியாக விழவில்லை. கணவாயை நெருங்க நெருங்க அடியில் இருந்த கல் தெரிந்தது. நாய்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இழுத்துக்கொண்டு பறந்தன.

உச்சியில் சுன்வா, "நங்கூரத்தைப் போடுங்கள்" என்றார்.

வண்டியை நிறுத்தி வைக்கும் இரும்புக் கொக்கி அது. ஹால்வர் அதைத் தரையில் ஊன்றி ஏறி மிதித்தார். நாய்கள் ஒரே இழுப்பு. கொக்கி கல்லில் பிடிக்காமல் கிறீச்சிட்டுப் பெயர்ந்து வந்துவிட்டது. சுன்வா ஓடிப்போய் முதல் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து நிறுத்தினார். அப்படியே வண்டியை வந்த வழிக்குத் திருப்பினார்.

ஹால்வருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாய்கள் களைத்துவிட்டனவா, குருவே?"

"இல்லை."

"வண்டி உடைந்துவிட்டதா?"

"இல்லை."

"இனி இறக்கம்தானே! ஒரே ஓட்டம்!"

"ஆமாம். ஒரே ஓட்டம். நடுவில் நிற்க முடியாது."

வழியெல்லாம் ஹால்வர் அழுதார். வீம்பு பிடித்துக்கொண்டு அப்பா வரவில்லை என்றுதானே மகள் நினைப்பாள்?

அடிவாரத்தில் பனி கனமாகக் கிடந்தது. சுன்வா மறுபடி, "போடுங்கள்" என்றார்.

இந்தத் தடவை கொக்கி கைப்பிடி வரை இறங்கியது. நாய்கள் எவ்வளவோ இழுத்துப் பார்த்தன. வண்டி அசையவில்லை.

"இதெல்லாம் எனக்கு எதற்கு?" ஹால்வர் கத்தினார். "வழியில் நிற்கவா கிளம்பினேன்? மகளிடம் போகத்தானே கிளம்பினேன்!"

சுன்வா பிளாஸ்க்கைத் திறந்து, காப்பி ஊற்றி, அவர் கையில் கொடுத்தார்.

"போன குளிர்காலத்திலும் போனீர்கள்."

ஹால்வர் கோப்பையை ஏந்தியபடி நின்றார். ஆவி பறந்துகொண்டிருந்தது. குடிப்பதா, கீழே வைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.