மூன்று பேர் இன்னும் இறங்கவில்லை

ஆவாரங்குளத்துக்காரர்கள் மூளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே கிளம்புகிறவர்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வீட்டிலும் தேடிப் பார்த்தாயிற்று.

அந்த ஊர் வெள்ளைக்கண்ணுவுக்கு ஒன்பது வீட்டில் பெண் இல்லை என்று கையை விரித்த பிறகு, சென்னையில் ஒரு பெண் அமைந்தது. பத்தரை மணிக்கு முகூர்த்தம். வீட்டுப் பெண்கள் முன்பே ரயிலேறிப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை, அவன் பெரியப்பா சோணமுத்து, தாய்மாமன் ஒச்சப்பன் மூவருக்கும் பெண்ணின் அப்பா தணிகாசலம் மதுரையிலிருந்து விமான டிக்கெட் எடுத்து அனுப்பினார். கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டேகாலுக்குச் சென்னை. அதோடு விட்டிருக்கலாம். “ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட்ல இருங்க” என்று போனில் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தார்.

மூவரும் கூடிப் பேசினார்கள்.

“டிக்கெட்ல ரெண்டு ஏர்போர்ட்டு போட்டிருக்கே, எதுல இருக்கணும்?” என்றான் மாப்பிள்ளை.

“இதென்னடா கேள்வி? மதுரை நமக்குத் தெரிஞ்ச ஊரு. தெரியாத ஊர்லதான் முன்னாடியே போயி இருக்கணும்” என்றார் பெரியப்பா.

ஒச்சப்பன் தலையாட்டினார். “பிளேனு நானூறு கிலோமீட்டரை ஒன்னேகால் மணி நேரத்துல தாண்டிருமாம் மச்சான். பஸ்ஸுக்கு ஒம்பது மணி நேரமாவது ஆகும். அப்ப எதுல முதல்ல போகணும்?”

“பஸ்லதான்! பிளேனு எப்பக் கிளம்புனாலும் வந்துரும்ல.”

முந்தின நாளே பஸ் ஏறி, காலை ஆறு மணிக்குச் சென்னை விமான நிலைய வாசலில் நின்றார்கள். சொன்ன நேரம் தவறாமல் வந்துவிட்ட பெருமை வேறு முகத்தில். வந்து இறங்கப்போகிற தங்களுக்குப் போட மூன்று மாலைகளும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

எட்டேகாலுக்கு விமானம் வந்தது. வெளியே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார்கள். கடைசி ஆளும் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார். ஒச்சப்பன் டிக்கெட்டைக் கொண்டுபோய் அங்கிருந்த பெண்ணிடம் நீட்டினார். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்து, “இந்த மூணு பேரும் வரலை சார்” என்றாள்.

பெரியப்பாவின் கையிலிருந்து மாலை விழுந்தது. “டிக்கெட்டு எடுத்தாச்சு. பிளேனும் வந்துருச்சு. ஆளை மட்டும் காணோம்னா என்னடா அர்த்தம்?”

“நடுவழியில விழுந்துட்டோம் மச்சான்!” என்று ஒச்சப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

மூவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். உண்மையாகவே அழுதார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாண மண்டபம் அங்கிருந்து கால் மணி நேரம்.

“சாவுத் தீட்டோட மணவறையில ஏறக்கூடாது பெரியப்பா” என்று மாப்பிள்ளையே விம்மினான். மூன்று பேரும் பக்கத்துத் தெரு சலூனுக்குப் போனார்கள். தணிகாசலம் விடாமல் போன் அடித்தார். துக்கத்தில் இருக்கும்போது போன் பேசுவது முறையில்லை என்று ஒருவரும் எடுக்கவில்லை.

ஒன்பதரை மணிக்கு அவரே காரில் அலறியடித்துக்கொண்டு வந்தார். விமான நிலைய வாசலோரம் மூன்று மொட்டைத் தலைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“ஐயோ, யாருய்யா செத்தது?”

“நாங்கதான்” என்றார் பெரியப்பா.

தணிகாசலம் தலையில் கைவைத்துக்கொண்டார். பாவம், அவர் மனம் உடைந்துவிட்டது என்று நினைத்த வெள்ளைக்கண்ணு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேற்றினான்.

“மனசைத் தேத்திக்கிட்டு பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை பாருங்க மாமா. நான் மட்டும் உசுரோட இருந்திருந்தா விட்டுக்கொடுத்திருப்பேனா?”