மகாராஜாவுக்கு அரை இலை

முன்னொரு காலத்தில் வெள்ளாற்று நாட்டை விசயநம்பி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று சொல்வார், மாலையில் வேறொன்று சொல்வார். முத்திரை குத்திய ஓலையை மட்டும் மாற்றவே மாட்டார்.

அந்த நாட்டில் புளியங்காடு என்று ஒரு சின்ன ஊர். கோயில் கொடைத் திருவிழாவில் அம்மனுக்குப் படைத்த சோற்றை அங்கே வீட்டுக்கு ஓர் இலை என்று பங்கு வைப்பார்கள். புருஷனும் பெண்சாதியும் இருக்கிற வீடுதான் முழு வீடு. அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு முழு வாழையிலையில் சோறு கொடுப்பார்கள். துணையை இழந்தவர்களுக்கு இலையைக் குறுக்கே கிழித்துப் பாதி. கடைசியில், "அரையெல்லாம் வாங்க" என்று ஒரே குரல். பேர் கிடையாது.

மனைவி பொன்னுருவி இறந்த வருஷம் வெயிலுமுத்துவும் அரையானான். சோறு குறைந்தது அவனுக்குப் பெரிதில்லை. அந்த அரை இலைச் சோற்றையே அவனால் தின்று முடிக்க முடியவில்லை. மற்ற நாளெல்லாம் அவனைக் கூப்பிட ஆளில்லை. கொடையன்றைக்காவது யாராவது தன் பேரை உரக்கச் சொல்லக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

மந்திரி நல்லாதனிடம் போய் முறையிட்டான். மந்திரி அதைச் சபையில் சொன்னார். அங்கே திருமேனி என்று ஒருவன் இருந்தான், புளியங்காட்டுக்காரன்தான்; கொடையில் பங்கு வைக்கிற பதவியும் அவனுடையதுதான். அவன் பேரை விட்டுவிட்டே கதை சொல்லலாம், ஆனால் தெரியட்டும். மந்திரி வடக்கு என்றால் இவன் தெற்கு என்பான்.

"இன்றைக்கு அரையை முழுசு என்பார்கள், நாளைக்குக் கால்படி உழக்கை முழுப்படி என்பார்கள் மகாராஜா. பழைய வழக்கத்துக்கு ஒரு முத்திரை குத்திவிடுங்கள்" என்றான்.

ராணி மடித்துக் கொடுத்த வெற்றிலையை மென்றுகொண்டே ராஜா குத்திவிட்டார். 'யாராயிருந்தாலும், துணையில்லாதவருக்கு அரை இலைதான். மீறிப் பரிமாறுகிறவன் பதவி போகும்.'

அந்த மழைக்காலத்தில் ராணி காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பிறகு அரண்மனையில் இருக்கப் பிடிக்காமல் ராஜா ஊர் ஊராகச் சுற்றினார். அப்படித்தான் மந்திரி அவரைப் புளியங்காட்டுக் கொடைக்கு அழைத்துவந்தார்.

திருமேனி பட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பங்கு வைக்க நின்றான். "முதல் இலை மகாராஜாவுக்கு."

"முழுசா, அரையா?" என்று கேட்டார் மந்திரி.

"இது என்ன கேள்வி, மந்திரியாரே?"

"யாராயிருந்தாலும் என்றுதானே ஓலை சொல்கிறது. நீர் கேட்டு வாங்கிய ஓலை."

திருமேனிக்கு வேர்த்தது. முழு இலை போட்டால் பதவி போகும். அரை இலை போட்டால் தலை போகும். சட்டென்று சொன்னான்: "மகாராஜாவுக்குத் துணையில்லை என்று யார் சொன்னது? மண்மகளே அவருக்கு மனைவி."

அரைக் கூட்டத்திலிருந்து வெயிலுமுத்து குரல் கொடுத்தான். "அப்படின்னா எனக்கும் முழு இலை போடுங்க சாமி. மேட்டுக்காட்டுல ஒரு துண்டு மண்ணு எனக்கும் இருக்கு. ராஜா சம்சாரத்துக்குத் தங்கச்சி முறை ஆகணும். என்ன, ராத்திரியில கூப்பிட்டா பதில் பேசமாட்டா."

ஊரே சிரித்தது. ராஜாவும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு மட்டும் நின்றது.

"அப்படியானால் நீ எனக்குச் சகலை" என்றார்.

"மகாராஜா சொன்னா சரிதானுங்க."

"பொழுது சாய்ந்தால் என்ன செய்வாய், சகலை?"

"விளக்கை ஏத்தி வச்சுட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"எனக்கு விளக்கேற்ற நாற்பது பேர். வாசலைப் பார்க்கிறது நான்தான்."

ராஜா தரையில் உட்கார்ந்தார். "திருமேனி, எனக்கு அரையே வை. வெயிலுமுத்து, உன் அரையையும் எடுத்துக்கொண்டு வா."

இரண்டு அரை இலைகளையும் சேர்த்துப் போட்டார்கள். இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அன்றைக்கு வெயிலுமுத்து மிச்சம் வைக்கவில்லை.

கை கழுவியதும், ஓலையை மாற்றாத ராஜா ஓலையை மாற்றினார். இனி எல்லா வீட்டுக்கும் முழு இலை. தனி வீடுகளுக்கு முதலில், வாசலுக்கே போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வருஷா வருஷம் கூப்பிட வேண்டியவன் திருமேனி.

அடுத்த கொடைக்கு மேளம் வெயிலுமுத்துவின் வாசலில் வந்து நின்றது. "வெயிலுமுத்து" என்று கூப்பிட்டான் திருமேனி, பல்லைக் கடித்துக்கொண்டு.

வெயிலுமுத்து கதவுக்குப் பின்னால்தான் நின்றான். பதில் சொல்லவில்லை. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று காத்திருந்தான்.