பக்கத்துக் கடையில் போட்டுப் பார்த்த சிடி

கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருந்த ஜெசிந்தாவை அந்தத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. அவருடைய மாணவருக்கு அறுபத்தொன்று. பெயர் அணஞ்சபெருமாள், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கம்ப்யூட்டர் படிக்க வந்தார். ஆறே மாதத்தில், அடேயப்பா, கடையையே தான்தான் நடத்துவது போலப் பேச ஆரம்பித்துவிட்டார்.

டீச்சரிடம் அவருக்கு ஒன்றுதான் பிடிக்கவில்லை. கடை லேப்டாப்பில் சிடி போட வழியே கிடையாது. அதனால் தனி சிடி ரைட்டர் ஒன்றை வயரில் மாட்டித்தான் எழுதுவார்கள். எழுதிய ஒவ்வொரு சிடியையும் டீச்சர் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய், அங்கிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த பிறகுதான் கொடுப்பார். அணஞ்சபெருமாளுக்கு அது மானக்கேடாக இருந்தது.

ஒருநாள் காலையில் கேட்டே விட்டார். "நம்ம வேலைமேல நமக்கே நம்பிக்கை இல்லன்னா ஊர்க்காரன் எப்படி டீச்சர் நம்புவான்?"

டீச்சர் சிரித்தார். "இன்னைக்கு வர்ற சிடியை நீங்களே எழுதுங்க அண்ணாச்சி."

செல்லக்கனி வந்தாள். ஜவுளிக்கடை ஒன்றில் பெருக்கித் துடைக்கிறவள். கடையிலிருந்து புடவைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனதாக அவள்மேல் வழக்கு. எதிரே இருந்த மருந்துக்கடைக் கேமராவில், புடவை காணாமல் போன அன்று சாயங்காலம் அவள் வெறுங்கையோடு வெளியே வருவது பதிவாகியிருந்தது. அந்தப் படம் பென்டிரைவில் இருந்தது. பதினோரு மணிக்குள் அதை சிடியில் போட்டு கோர்ட்டில் கொடுக்க வேண்டும், இனி வாய்தா கிடைக்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அப்போது மணி பத்து.

"தெருவுல தலை காட்ட முடியல அண்ணாச்சி," என்றாள்.

"கவலைய விடு. ஒரு நிமிசம்."

அணஞ்சபெருமாள் ரைட்டரை மாட்டினார். புது சிடியை வைத்தார். படத்தை இழுத்து சிடியின் மேல் விட்டார். திரையில், சிடிக்குள்ளே படம் தெரிந்தது. தட்டினார், ஓடியது. படத்தில் செல்லக்கனி இரண்டு கையையும் வீசிக்கொண்டு படியிறங்கிப் போனாள். சிடியை வெளியே எடுக்கும்போது லேப்டாப் ஏதோ கேட்டது. "எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி," என்று முணுமுணுத்து அதை மூடினார். சிடிமேல் வழக்கு எண்ணை மார்க்கரால் முத்து முத்தாக எழுதினார்.

"பக்கத்துக் கடையில போட்டுப் பாத்துட்டுக் குடுங்க," என்றார் டீச்சர்.

அவருக்குச் சுருக்கென்றது. "முப்பது வருசம் கண்டக்டர் டீச்சர். ரெண்டு வாசலையும் பாக்காம ஒருநாளும் விசில் ஊதினவன் இல்ல. இது ஓடுனத இந்தக் கண்ணாலயே பாத்தேன்."

"போட்டுப் பாருங்க." டீச்சர் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை.

கடுகடுவென்று போனார். செல்லக்கனியும் கூடப் போனாள். ஜெராக்ஸ் கடைக்காரர் சிடியை வாங்கி உள்ளே தள்ளினார்.

"அண்ணாச்சி, இது காலி சிடியில்லா?"

"சரியாப் பாரும் வே."

"என்னத்தப் பாக்க? உள்ள ஒண்ணுமே இல்ல."

செல்லக்கனி அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நாந்தான் எடுத்தேன்னு ஆயிருமா அண்ணாச்சி?"

அவர் திரும்பி வந்து சிடியை டீச்சர் மேசையில் வைத்தார்.

டீச்சர் திட்டவில்லை. சிடியைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். "எழுதியிருந்தா அடிப்பக்கம் ஒரு வளையம் நிறம் மாறித் தெரியும். இதுல இல்ல பாருங்க. நீங்க இழுத்து விட்டது லேப்டாப்லயே காத்துக்கிட்டு இருக்கு. எழுதட்டுமான்னு அது கேட்டிருக்கும், நீங்க மூடிட்டீங்க."

"படம் ஓடிச்சே டீச்சர்!"

"ஓடுனது லேப்டாப்ல இருந்த படம். நேரம் இருக்கு, எழுதுங்க."

இந்த முறை எழுதச் சொல்லி அமுக்கினார். ரைட்டரின் விளக்கு மினுங்கியது. சிடி உள்ளே விர்ரென்று சுற்றியது. முதல் தடவை இந்தச் சத்தம் கேட்கவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முடிந்ததும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வளையம் பளிச்சென்று இருந்தது. மணி பத்து இருபத்தைந்து.

"இப்ப சரியா இருக்கு டீச்சர். நேரே குடுத்துரட்டுமா?"

"எனக்கும் சந்தேகம் இல்ல. போட்டுப் பாத்துட்டுக் குடுங்க."

அவருக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கும் சந்தேகம் இல்ல, எனக்கும் சந்தேகம் இல்ல. பின்ன எதுக்கு இன்னொருத்தர் கம்ப்யூட்டர்ல போய்ப் பாக்கணும்?"

டீச்சர் வாசலில் நின்றவளைக் கூப்பிட்டார். "செல்லக்கனி அக்கா, அந்தப் புடவைய நீங்க எடுத்தீங்களா?"

"சத்தியமா இல்ல டீச்சர்."

"அதுல உங்களுக்குக் கொஞ்சமாவது சந்தேகம் உண்டா?"

"எனக்கு என்ன சந்தேகம்? நான் எடுக்கல. அவ்வளவுதான்."

டீச்சர் அணஞ்சபெருமாள் பக்கம் திரும்பினார்.

"பின்ன அவங்க எதுக்கு அண்ணாச்சி கோர்ட்டுக்கு சிடி கொண்டு போறாங்க?"

அவர் சிடியை ஓரத்தில் பிடித்து எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு நடந்தார்.