பேருந்துத் திட்டம் யாருடையது?

போக்குவரத்து அமைச்சர் திருமேனிக்கு மின்துறை அமைச்சர் மேல் தீராத பொறாமை. அவருடைய படம் பத்திரிகையில் வந்துவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. அதனால், மலைக் கிராமங்களுக்குப் பள்ளிப் பேருந்து விடும் திட்டத்தைச் சட்டமன்றத்தில் அறிவிக்கும் முன்பே, தன் தட்டச்சர் செங்கமலத்தை அதைச் செய்தியாக எழுதச் சொல்லி, பத்திரிகைகளுக்கு அனுப்ப வைத்துவிட்டார்.

மறுநாள் சபாநாயகர் திருமேனியையும் செங்கமலத்தையும் தன் அறைக்கு அழைத்தார். "மன்றத்துக்குத் தெரியாத செய்தி பத்திரிகைக்கு எப்படிப் போனது?"

அமைச்சர் கூசாமல் சொன்னார்: "எனக்கு ஒன்றும் தெரியாதுங்க. இந்தம்மாதான் தன்னிஷ்டத்துக்கு அனுப்பியிருக்காங்க. வேலையை விட்டுத் தூக்கிடலாம்."

செங்கமலம் நிதானமாகப் பேசினார்.

"ஆமாங்க ஐயா, நான்தான் அனுப்பினேன். திட்டமும் நான் யோசிச்சதுதான். பாராட்டிப் படம் எடுக்க வாசலில் நிருபர்கள் நிக்கிறாங்க. நான் போகட்டுங்களா?"

"தாராளமாப் போங்கம்மா" என்றார் சபாநாயகர்.

அமைச்சரால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டார். "இவங்க படமா? அந்தச் செய்தியில் ஒவ்வொரு வரியும் நான் சொன்னது. அனுப்பச் சொன்னதும் நான்தான்."

சபாநாயகர் எழுந்தார். "அப்படியானால் மன்னிப்பையாவது முதலில் மன்றத்தில் கேளுங்கள்."