கடை மட்டை

“டீச்சர், என்னை ஏமாத்திட்டாங்க,” என்றார் வெயிலுமுத்து.

காலை ஆறு மணி. கோவில்பட்டிப் பெண்கள் பள்ளி மைதானம். ஜெபக்கனி டீச்சர் குழாயைப் பிடித்துக் கரிசல் தரைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

“யாரு அண்ணாச்சி?”

“ஹாக்கி மட்டை செய்யுற கம்பெனிக்காரன்.”

டீச்சர் குழாயை மூடவில்லை.

வெயிலுமுத்துவுக்கு முப்பத்தேழு வயது. நூல் மில்லில் வேலை. மில் அணிக்குப் பதினாலு வருஷமாக ஆடுகிறார். பெனால்டி கார்னர் கிடைத்தால் ஒருவர் பந்தைத் தள்ளிவிட வேண்டும், ஒருவர் நிறுத்த வேண்டும், மூன்றாமவர் அதை மட்டையோடு சேர்த்து இழுத்துக் கோலுக்குள் வீச வேண்டும். அந்த மூன்றாமவர் வெயிலுமுத்து.

டீச்சருக்கு இருபத்தொன்பது. பெங்களூரில் தேசிய முகாமில் இரண்டு வருஷம் இருந்தவர். தோள் விட்டுப்போனதும் ஊருக்குத் திரும்பி, இந்தப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனார். தன்னைவிட எட்டு வருஷம் சின்னவரிடம் வந்து நிற்பது வெயிலுமுத்துவுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊரில் வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது.

தோளில் இருந்த மட்டையை எடுத்து நீட்டினார். நீலமும் வெள்ளியுமாகப் பளபளத்தது. இந்தியாவே கைதட்டும் ஓர் ஆட்டக்காரரின் கையெழுத்து அதில் அச்சாகி இருந்தது.

“அவரு ஆடுற மட்டைன்னு சொல்லித்தான் குடுத்தான். மதுரையில வாங்கினேன். நாலு மாசமா அடிக்கேன். ஒண்ணு கோல் கம்பிக்கு மேல போகுது. இல்லேன்னா நேரா கீப்பர் கால்ல போய்ப் படுக்குது. போன மாசம் ஒரு அம்பயர் சொல்றாரு, ‘யோவ், அவரு ஆடுறது இது இல்லய்யா. பெயிண்ட்டுதான் இது. வளைவு வேற’ன்னு.”

“உண்மைதான்,” என்றார் டீச்சர்.

“அப்ப ஏமாத்துதானே?”

டீச்சர் மட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் வெள்ளையாக ஒரு கீறல் ஓடியது.

“இது என்ன?”

வெயிலுமுத்து தரையைப் பார்த்தார்.

“வளைச்சுப் பார்த்தேன்.”

“எப்படி?”

“மொட்டை மாடியில வெயில்ல போட்டு, ரெண்டு பக்கமும் செங்கல் குடுத்து, நடுவுல கிரைண்டர் குழவியைத் தூக்கி வச்சேன். நாலு நாள்.”

“கார்பன் மட்டையை?”

“அந்தக் காலத்து மர மட்டையை அப்படித்தானே வளைப்பாங்க.”

“வளைஞ்சுதா?”

“இல்ல. நாலு நாளும் வீட்டுல தோசை இல்ல. அதுதான் மிச்சம்.”

டீச்சர் சிரித்தார். குழாயை மூடினார்.

“எதுக்கு இவ்வளவு அவசரம் அண்ணாச்சி?”

“ரெண்டு வாரத்துல எங்க மேனேஜர் தேர்வு வச்சிருக்காரு. எனக்குப் பத்துப் பந்து, புதுசா வந்திருக்கிற இன்பராஜுக்குப் பத்துப் பந்து. யாரு நல்லா அடிக்காங்களோ அவங்களுக்குத்தான் இனிமே பெனால்டி கார்னர். அவனுக்கு இருபத்தொரு வயசு. அது போச்சுன்னா, டீச்சர், எனக்கு அணியில வேற வேலை கிடையாது. நான் ஓட மாட்டேன், எல்லாருக்கும் தெரியும். இதுக்காகத்தான் வச்சிருக்காங்க.”

மைதானத்தை ஒட்டித்தான் டீச்சர் வீடு. உள்ளே போய் ஒரு மட்டையோடு வந்தார். அதே நீலம். அதே வெள்ளி. அதே கையெழுத்து.

“முகாம்ல இருந்து கிளம்பும்போது அவரே குடுத்தது. அவரு ஆடினது.”

வெயிலுமுத்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

இரண்டு மட்டைகளையும் சிமெண்டுத் திட்டில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்கள். கடை மட்டை தண்டின் நடுப்பகுதியிலேயே மெல்ல எழும்பி மெல்ல இறங்கியது. மற்றது கைப்பிடியில் இருந்து வெகுதூரம் நேராக வந்து, கீழ்முனைக்கு ஒரு சாண் மேலே, பட்டென்று முதுகைத் தூக்கியது.

“இதை ஏன் கடையில விக்க மாட்டேங்காங்க?”

“வித்தா வாங்கினவங்க மறுநாளே திருப்பிக் குடுத்துருவாங்க.”

“நான் குடுக்க மாட்டேன்.”

“சரி. அடிங்க.”

அன்று ஐம்பது பந்து அடித்தார். ஒன்றுகூடக் கோலுக்குப் போகவில்லை. பாதி பந்து மட்டையை விட்டு முன்னாலேயே வழுக்கிப் போயிற்று. மீதி மட்டையில் தங்கவே இல்லை.

“டீச்சர், பந்து நிக்க மாட்டேங்குதே.”

“ஆமா.”

“அவருக்கு மட்டும் எப்படி நிக்குது?”

“அவரைத்தான் கேக்கணும்.”

மறுநாளும் வந்தார். ஷிப்ட் எட்டு மணிக்கு. ஆறில் இருந்து ஏழரை வரை அடிப்பார். டீச்சர் திட்டில் உட்கார்ந்து பிள்ளைகளின் உயரமும் எடையும் எழுதிய தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். வெயிலுமுத்து நிறுத்தினால் மட்டும் தலையைத் தூக்காமல் ஒரு வார்த்தை சொல்வார்.

“இன்னொண்ணு.”

நாலாம் நாள் வெயிலுமுத்துவுக்குக் கோபம் வந்தது.

“ஏதாவது சொல்லிக் குடுங்க டீச்சர். சும்மா இன்னொண்ணு இன்னொண்ணுன்னா?”

“என்ன சொல்ல?”

“காலை எங்க வைக்க, கையை எங்க பிடிக்கன்னு.”

“பதினாலு வருஷம் ஆடினவருக்கு நான் என்ன சொல்ல. பந்து எங்க தப்பிக்குதுன்னு பாருங்க. தப்பிக்க விடாதீங்க.”

அது ஒரு பாடமா என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். ஆனால் அன்றிலிருந்து கோலைப் பார்ப்பதை விட்டார். பந்தைப் பார்த்தார். அந்தப் பந்து மட்டையின் வளைவில் ஒட்டிக்கொள்ள எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் அதன் பின்னாலேயே போனார்.

ஏழாம் நாள் பந்து ஒரு கணம் தங்கிற்று.

எட்டாம் நாள் மழை. ஒன்பதாம் நாள் கரிசல் காலைப் பிடித்து இழுத்தது. செருப்பும் மண்ணுமாக வீட்டுக்குப் போனவரைப் பார்த்து அவர் மனைவி சீனியம்மாள், “ஹாக்கி ஆடிட்டு வாரீங்களா, வயல்ல தொளி அடிச்சுட்டு வாரீங்களா?” என்று கேட்டாள்.

பதினோராம் நாள் பந்து மட்டையில் ஏறி, ஒட்டி, கூடவே வந்து, அவர் விடச் சொன்ன இடத்தில் மட்டையை விட்டது. கோலின் இடது மூலையில் வலை குலுங்கியது.

டீச்சர் தாளில் இருந்து தலையைத் தூக்கினார். மறுபடி குனிந்துகொண்டார்.

பதின்மூன்றாம் நாள் பத்துக்கு ஏழு. வெயிலுமுத்து மட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“நாளைக்குத் தேர்வு டீச்சர். இனிமே கவலை இல்ல.”

“நல்லது. மட்டையைக் குடுங்க.”

“எதுக்கு?”

“எனக்கு வேணும்.”

“நாளைக்கா? நாளைக்கு ஒரு நாள் மட்டும் டீச்சர்.”

“நாளைக்குத்தான் வேணும். துணி துவைக்கிற நாள். கொடி தொங்குது. முட்டுக் குடுக்கக் கம்பு இல்ல.”

வெயிலுமுத்து அவர் முகத்தையே பார்த்தார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை.

“என் பொழப்பைக் கெடுக்காதீங்க டீச்சர். வேற கம்பு நான் கொண்டாந்து தாரேன். மூங்கில் தாரேன்.”

“இது சரியான உயரம்.”

டீச்சர் மட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கீறல் விழுந்த கடை மட்டை கையில் இருந்தது. இந்தப் பதின்மூன்று நாளும் அது அவர் வீட்டில்தான் கிடந்தது. பிடிக்குப் புதுத் துணி சுற்றியிருந்தார்.

“உங்களோடது.”

வெயிலுமுத்து வாங்கிக்கொண்டு போனார். போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மில் மைதானத்தில் மறுநாள் நாலு மணிக்குத் தேர்வு. மேனேஜர் சண்முகையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அணி முழுவதும் கோட்டோரம் நின்றது.

இன்பராஜ் முதலில் அடித்தான். பத்துக்கு ஐந்து. நல்ல வேகம். பையனைத் தட்டிக்கொடுத்தார்கள்.

“முத்து, வா,” என்றார் சண்முகையா.

வெயிலுமுத்து கடை மட்டையோடு போனார். ஒருவன் பந்தைத் தள்ளினான். ஒருவன் நிறுத்தினான். வெயிலுமுத்துவின் மனசு முழுக்கக் கொடியில் முட்டுக் கொடுத்து நிற்கும் அந்த இன்னொரு மட்டையிலேயே இருந்தது. கால் அதுபாட்டுக்கு ஓடியது. பந்து தப்பித்துவிடக் கூடாதே என்று தாழக் குனிந்து அதோடு போனார்.

எதிரே கோல்கீப்பரின் முகம் காணோம்.

காலில் கட்டிய பட்டைகள் தெரிந்தன. பட்டைக்குக் கீழே பூட்ஸ் தெரிந்தது. இரண்டு பூட்ஸுக்கும் நடுவே இருந்த இடைவெளி, ஒரு வாசல் அளவுக்குத் திறந்து கிடந்தது.

பந்து அதன் வழியே போயிற்று.

வெயிலுமுத்து எழுந்திருக்கவில்லை. எந்த உயரத்தில் இருந்தாரோ அந்த உயரத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தார். கோல்கீப்பர் பந்தை எடுக்கக் குனிந்தபோதுதான் அவன் முகம் வந்தது. பதினாலு வருஷமாகப் பார்த்த முகம்.

“என்னய்யா, கால் பிசகிருச்சா?” என்று கேட்டார் சண்முகையா.

“இல்ல சார்.”

“பிறகு ஏன் சிரிக்கே?”

“ஒண்ணுமில்ல சார். இன்னொண்ணு போடச் சொல்லுங்க.”

பத்துக்கு எட்டு.

சண்முகையா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். “ஞாயித்துக்கிழமையும் நீயே அடி. இன்பராஜ் இருக்கட்டும், அவனுக்கு வயசு இருக்கு. மட்டை ஏதுய்யா?”

“கடையில வாங்கினது சார்.”

யாரும் நம்பவில்லை. இன்பராஜ் மட்டையை வாங்கிப் படிக்கட்டில் கவிழ்த்தான். தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தான். அவனும் அதே நீலம், அதே வெள்ளி, அதே கையெழுத்துத்தான் வாங்கியிருந்தான். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். விரலை அடியில் விட்டு அளந்தான். இந்தப் பக்கம் இருந்து பார்த்தான், அந்தப் பக்கம் இருந்து பார்த்தான்.

“அண்ணாச்சி, ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்.”

“ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்ல.”

“இருக்காது.”

“அப்புறம் எப்படி அண்ணாச்சி? என்னமோ செஞ்சிருக்கீங்க. சொல்ல மாட்டேங்கீங்க.”

வெயிலுமுத்து அவன் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தார். ஒரு வாய் அவனுக்கும் நீட்டினார்.

“ஒண்ணு கேக்கேன், சொல்லு. பந்தை விடுற நேரத்துல உனக்குக் கீப்பரோட எது தெரியும்?”

இன்பராஜ் கொஞ்சம் யோசித்தான்.

“மூஞ்சிதான்,” என்றான்.