டைரக்ட் கொடுத்தவர்

"எனக்கு ஒரு பைபாஸ் செஞ்சாங்க, பொழச்சேன். நான் ஒரு பைபாஸ் செஞ்சேன், எம் பொஞ்சாதி செத்துட்டா. இதுக்கு என்ன அர்த்தம் தாயே?"

மடத்து அம்மை புளியில் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முதல்ல உக்காருங்க."

மந்திரமூர்த்தி உட்கார்ந்தார்.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அம்மைக்கு நாற்பதுதான் இருக்கும். திருநெல்வேலிக்கு வெளியே, ஓடு வேய்ந்த சின்ன மடம். நெஞ்சை அறுத்துத் தைத்த பிறகு சாவுப் பயம் பிடித்துக்கொண்டு, பௌர்ணமிதோறும் அவர் இங்கே வர ஆரம்பித்தார். இந்த முறை பௌர்ணமி வரை பொறுக்கவில்லை.

"சொல்லுங்க," என்றார் அம்மை.

சொன்னார்.

கோவில்பட்டியில் லாரிகளுக்கு வயரிங் பார்ப்பது அவர் தொழில். டிரைவர் முன்னால் சிவப்பு விளக்கு விடாமல் எரிகிறது என்று வண்டி வந்து நிற்கும். ஏன் எரிகிறது என்று பார்க்க ஒரு நாள் ஆகும். உரிமையாளர்களுக்கு ஒரு மணி நேரம்கூடப் பொறுமை கிடையாது.

"அண்ணாச்சி, லோடு நிக்குது. டைரக்ட் குடுத்து விட்ருங்க."

கொடுத்துவிடுவார். வயரை வெட்டி, வேறு வயரோடு முறுக்கி, டேப் சுற்றினால் முடிந்தது. விளக்கு அணைந்துவிடும். லாரி போய்விடும். போன லாரிகள் என்ன ஆயின என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் சட்டையைத் திறந்து காட்டி எல்லோரிடமும் சிரித்தார்.

"நமக்கும் டைரக்ட் குடுத்தாச்சு வே!"

பிறகு மார்கழி வந்தது. குளியலறையில் ஹீட்டரைப் போட்டால் வீடே இருண்டது. ட்ரிப்பர் விழுந்துவிடும். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் அந்த நொடியே வெட்டிவிடும் பெட்டி அது. தூக்கிவிட்டால் மறுபடி விழும்.

"ஊர் லாரியெல்லாம் பாக்கீக," என்றாள் அவர் மனைவி சண்முகவடிவு. "வீட்டுல ஒரு வாளி வெந்நிக்கு வழியில்ல."

ஒரு துண்டு வயர் எடுத்தார். கரண்ட் ட்ரிப்பருக்குள் போகாமல் டைரக்ட் கொடுத்தார். ஹீட்டர் ஓடியது. இரண்டு வாளி மொண்டு குளித்துவிட்டு, தலையில் துண்டோடு வந்து வடிவு சிரித்தாள்.

அடுத்த நாள் காலை குளிக்கப் போனவள் வரவில்லை.

மந்திரமூர்த்தி நிறுத்தினார். அம்மை ஒரு கொட்டையை விலக்கிப் போட்டார்.

"கதவை உடைச்சது யாரு?"

"நான்தான்."

"அப்புறம்?"

"மெயினை நிறுத்தினேன்."

"அப்புறம்?"

மந்திரமூர்த்தி தன் கைகளைப் பார்த்தார்.

"அந்தத் துண்டு வயரக் கழட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறந்தான் கத்தினேன்."

வெளியே வேப்பமரத்தில் ஒரு அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"ஹீட்டர் மாட்டினது யாரு?"

"தேவசகாயம்னு ஒருத்தன். நல்ல பய."

"அவன் எங்க?"

"எழவு வீட்டுக்கு மாலையோட வந்தான். எம் மருமகன் எல்லார் முன்னாலயும் அவன அறைஞ்சிட்டாரு. காதுல ரத்தம் வந்துச்சு. மக போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டா. ஜாமீன்ல இருக்கான். இப்ப யாரும் அவன வேலைக்குக் கூப்பிடுறதில்ல."

"அறையும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்."

அம்மை அடுத்த புளியை எடுத்தார்.

"அவன் பொஞ்சாதி எங்க வீட்டு வாசல்ல வந்து அழுதா தாயே. எனக்கு நெஞ்சு வலின்னு சொல்லச் சொல்லிட்டுப் படுத்துக்கிட்டேன். ராத்திரி தூக்கம் இல்ல. ஒரு மந்திரம் குடுங்க. இல்ல, வடிவு பேர்ல இங்க அன்னதானம் போடுதேன். எம் மனசு அடங்கணும்."

"இதெல்லாம் மகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. முதல்ல உங்ககிட்டதான் சொல்லுதேன்."

"மக எந்த ஊரு?"

"கயத்தாறு. வர்ற வழிதான்."

"இறங்கினீங்களா?"

"ஊருக்குள்ள போற பஸ்ஸும் நின்னுச்சு. நான் பைபாஸ்ல போறதுல ஏறிட்டேன்."

புளி உரித்த கை நின்றது. அம்மை முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப இது மூணாவது."

"மூணாவதா?"

அம்மை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். விபூதி கொடுக்கவில்லை. போய்வா என்று சொல்லவும் இல்லை.

மந்திரமூர்த்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அவருக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது மகள் ஒருத்திதான். சொன்னால் அவளும் இருக்கமாட்டாள். போலீஸ், கோர்ட், அதெல்லாம் அப்புறம். அவள் ஒரு பார்வை பார்ப்பாளே, அதை எண்ணும்போதே தைத்த இடம் வலித்தது.

எழுந்தார். ரோட்டில் வந்த முதல் பஸ்ஸை விட்டார். இரண்டாவதையும் விட்டார். பிறகு வந்த பஸ்ஸின் கண்டக்டரிடம் கேட்டார்.

"கயத்தாறு ஊருக்குள்ள போகுமா?"

"போகும். ஏறுங்க."

மகள் காந்திமதி கதவைத் திறந்தாள்.

"வாங்கப்பா. மாத்திர போட்டீங்களா? என்ன முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு?"

தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் செம்பை வாங்கவில்லை. உட்காரவும் இல்லை. உட்கார்ந்தால் லாரி, மார்கழி, வெந்நீர் என்று ஆரம்பித்துவிடுவார்.

"காந்தி. ட்ரிப்பருக்கு டைரக்ட் குடுத்தது நான். உங்க அம்மா செத்துக் கெடக்கும்போது அந்த வயரக் கழட்டினதும் நான். தேவசகாயம் மேல ஒரு தப்பும் இல்ல."

அடுப்பில் குக்கர் சத்தம் போட்டது. காந்திமதி போய் அடுப்பை அணைத்தாள். குக்கரை இறக்கி வைத்தாள். வந்தாள்.

"அம்மா கத்தினாளா?"

"தெரியல. டிவி ஓடிக்கிட்டிருந்துச்சு."

அவள் செம்பைத் தரையில் வைத்தாள். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தாள். பிறகு போனை எடுத்து ஒரு எண்ணைத் தேடி அழுத்தி, அவர் கையில் கொடுத்தாள். விரல் படாமல் கொடுத்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அக்கா!" தேவசகாயத்தின் குரல். "அக்கா, எம் பிள்ளைங்க மேல சத்தியமா நான் சரியாத்தான் மாட்டினேன்க்கா. எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்கே தெரியலக்கா. நெனச்சு நெனச்சுப் பாக்கேன், தெரியலக்கா…"

காந்திமதி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"தேவசகாயம்," என்றார் மந்திரமூர்த்தி. "நான் காந்திமதி அப்பா பேசுதேன்."