தேன் கொடுத்த புழுவும் முசுறுக் கூட்டமும்

அந்தக் காலத்தில், எறும்புக்கும் புழுவுக்கும் பேச்சு ஒன்றாக இருந்தபோது, ஒருமுறை சொன்ன சொல்லை எந்த உயிராலும் திரும்ப வாங்க முடியாது. சொல் விழுந்ததும் மரம் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எல்லாரும் அளந்துதான் பேசினார்கள். பசி வந்தபோது மட்டும் அளவு தப்பியது.

ஒரு மாமரத்தின் உச்சிக் கிளையில் முசுறு என்னும் செவ்வெறும்புகள் வாழ்ந்தன. முசுறுக்குக் கூடு என்றால் இலைதான். பத்துப் பேர் சேர்ந்து இரண்டு இலைகளின் ஓரத்தை இழுத்துப் பிடிப்பார்கள். இன்னொருத்தி ஒரு பிள்ளையை வாயில் தூக்கிவந்து, இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் மாற்றி மாற்றி வைப்பாள். பிள்ளையின் வாயிலிருந்து வரும் நூல்தான் இலைகளைத் தைக்கும். பிள்ளைகள் இல்லையென்றால் கூடு இல்லை.

அந்தக் கூட்டின் வாசலில் இருந்தவள் மூக்காயி. உள்ளே போகிற ஒவ்வொருத்தியையும் மோந்து பார்த்துத்தான் விடுவாள். அவளுடைய தங்கை செவத்தி இரை தேடப் போகிறவள்.

ஆனி மாதக் கடைசியில் பத்து நாளாக இரையே கிடைக்கவில்லை. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. பக்கத்துக் கிளையில் அலைந்த செவத்தி, இலை நிறத்தில் தட்டையாக ஒரு புழுவைப் பார்த்துக் கடிக்கப் போனாள். புழு நகரவில்லை. அதன் முதுகில் ஒரு சொட்டுத் தேன் ஊறி வந்தது.

"கடிக்கிறதுக்கு முன்னாடி இதைக் குடிச்சுப் பாரு" என்றது.

செவத்தி தள்ளி நின்றாள். "இதுக்கு என்ன கேப்ப?"

"ஒண்ணும் வேண்டாம்."

"ஒண்ணும் வேண்டாம்னு யாரும் குடுக்க மாட்டாங்களே."

"விவரமான பொண்ணுதான். சரி, ஒரே ஒரு சொல் குடு. என்னை உங்க உறவுன்னு சொல்லு. அநாதையா கெடக்கேன், கேக்க ஆசையா இருக்கு."

செவத்தி யோசித்தாள். இரையைக் கேட்கவில்லை, இடத்தைக் கேட்கவில்லை. திறந்து கிடந்த பிள்ளைகளின் வாய்கள் நினைவுக்கு வந்தன. குடித்தாள். "நீ எங்க உறவு" என்றாள். காற்றே இல்லாமல் மாமரத்தின் இலைகள் ஒருமுறை அசைந்து நின்றன. புழுவின் மேல் முசுறுக் கூட்டின் வாசனை ஏறியது.

உறவை வெயிலில் விட்டுவர முடியுமா? நான்கு பேரைக் கூப்பிட்டுப் புழுவை வாசலுக்குத் தூக்கிவந்தாள்.

மூக்காயி மோந்தாள். மறுபடி மோந்தாள்.

"நம்ம வாசனைதானே அடிக்குது? வழியை விடு அக்கா" என்றாள் செவத்தி.

"அடிக்குது. நம்மளைவிடக் கூடுதலா அடிக்குது. அதான் எனக்குச் சரியாப் படலை."

"இவகிட்ட விட்டா பெத்த தாயே அசலூர்க்காரிதான்" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிங்க. பிள்ளைங்க அறைப் பக்கம் மட்டும் அதை விடாதீங்க."

ஆனால் புழு பிள்ளைகள் அறைக்குத்தான் ஊர்ந்து போனது. உறவென்று சொல்லியாகிவிட்டது, யாராலும் மறிக்க முடியவில்லை.

முசுறுகளில் ஒருத்தி குடித்தால் அடுத்தவளுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டுவாள். தேன் அப்படியே கூடு முழுவதும் பரவியது. மூக்காயி மட்டும் பட்டினி கிடந்தாள். "இது நம்மகிட்டயிருந்து எதை எடுக்குதுன்னு தெரியட்டும். அப்புறம் குடிக்கிறேன்."

ஐந்தாம் நாள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியவளை வாசலில் இருவர் மறித்தார்கள்.

"யாரு நீ?"

"மூக்காயிடி. இது என்ன விளையாட்டு?"

"எங்க கூட்டுல எல்லாருக்கும் தேன் வாசனை. உனக்கு இல்லையே."

செவத்தியைக் கூப்பிட்டார்கள். வந்து மோந்தாள். குரல் அக்காவுடையது, வாசனை அந்நியம். செவத்தி வாசனையை நம்பினாள். மூக்காயியைக் காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். தள்ளியவர்களில் செவத்தியும் ஒருத்தி.

ஆடிக் காற்று வந்தது. கூட்டின் ஒரு தையல் பிரிந்தது. பத்துப் பேர் இலையோரங்களை இழுத்துப் பிடித்தார்கள். "பிள்ளையைக் கொண்டாங்கடி" என்றாள் செவத்தி. யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிடியை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு அவளே போனாள்.

அறை நிறையப் புழுதான் பெருத்துக் கிடந்தது. மூலையில் இரண்டு பிள்ளைகள் மிச்சம்.

"மத்ததெல்லாம் எங்க?"

"உறவுக்காரங்க வீட்டுல பசிச்சா சாப்பிடக் கூடாதா? நீதானே சொன்ன."

செவத்தி கடிக்கத் தாடையைத் திறந்தாள். அந்த இடத்திலேயே ஒரு சொட்டு ஊறியது. கடிக்க வந்த வாய் குடிக்கத் தொடங்கியது. அருவருப்போடும் அழுகையோடும் அவள் குடித்தாள். குடித்தபடியே ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்து வாயைப் பிடுங்கிக்கொண்டு, பிரிந்த தையல் வழியாக வெளியே விழுந்தாள். வேண்டுமென்றேதான் விழுந்தாள்.

கீழ்க்கிளையில் மூக்காயி இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"கிட்ட வராத. நீ யாருன்னு எனக்குத் தெரியலை."

"எனக்கும் தெரியலை அக்கா" என்று செவத்தி தன் முகத்தை அவள் முகத்தோடு வைத்தாள்.

மூக்காயி அந்த முகத்தை மோந்தாள், மறுபடி மோந்தாள். பிறகு தங்கையின் முகத்தைத் துடைத்து, தேன் வருவதற்கு முன்பு குடித்ததில் தன் வயிற்றில் மிச்சமிருந்த துளியை அவளுக்கு ஊட்டினாள். பழைய கூட்டின் புளித்த வாசனை. அது உள்ளே போனதும் செவத்திக்குத் தேனை நினைத்தாலே குமட்டியது.

இருவரும் மேலே ஏறினார்கள். எதிரே வந்தவளை நிறுத்தி, முகத்தோடு முகம் வைத்து அதையே ஊட்டினார்கள். அவள் அடுத்தவளை நிறுத்தினாள். பிறகு எல்லாரும் சேர்ந்து புழுவைக் கடித்தார்கள். தேன் ஊறியது, குடிக்க யாருமில்லை. புழுவை இழுத்து வெளியே எறிந்து, மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகளைக் கொண்டு ஒரே ஒரு அறையைத் தைத்துக்கொண்டார்கள்.

சொல் மட்டும் மரத்திடமே இருந்தது. அந்தப் புழுவின் வம்சத்தில் எது வந்தாலும் உறவுதான், உறவின் வாசனைதான்.

மறுநாள் இரைக்குக் கிளம்பிய செவத்தியை மூக்காயி நிறுத்தினாள். "முகத்தைக் காட்டு."

"இப்பதானே பார்த்த?"

"இப்ப நீதான். திரும்பி வர்றது யாருன்னு வந்தப்புறம் பார்ப்போம்."

செவத்தி கோபப்படவில்லை. முகத்தைக் காட்டினாள். வழியில் எதிரே வந்தவளிடம் அவளும் அதையே கேட்டாள்.

அன்று முதல்தான் எறும்புகள், ஒரு கணம் முன்பு பிரிந்த கூடப்பிறந்தவளைக்கூட வழியில் நிறுத்தி, முகத்தோடு முகம் வைத்துச் சோதித்த பிறகே விடுகின்றன. தூரத்தில் நின்று பார்க்கும் நமக்கு அது கொஞ்சுவதுபோலத் தெரிகிறது.